பெர்க்லி கிடைக்கவில்லை, கம்யூனிட்டி காலேஜில் எகனாமிக்ஸ் படிக்கலாமா?

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறோம்.

கணவர் எச்-1பி வேலை விசாவிலும், இவரும் மகனும் அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவிலும் இருக்கிறார்கள். ஒன்பது வருடங்களாகக் கலிஃபோர்னியாவில்தான் வாசம். கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு எப்போதோ ஒப்புதலாகிவிட்டது, ஆனால் வரிசை நகரவில்லை. மகனுக்குக் கடந்த ஜனவரிக் கடைசியில் 18 முடிந்தது, ஜூனில் பள்ளிப் படிப்பு முடிகிறது. எகனாமிக்ஸ்தான் படிப்பேன் என்கிறான். யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களான பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் மறுத்துவிட்டன. யூசி ரிவர்சைடில் இடம் கிடைத்திருக்கிறது. வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று ஸ்காலர்ஷிப் போக வருடத்துக்கு 58,000 டாலர் கேட்கிறது. ‘ரிவர்சைடில் சேர்த்துவிட்டு ஒரு வருஷத்தில் பெர்க்லிக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்பது கணவரின் யோசனை. ‘கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து டேக் போட்டால் பெர்க்லி உறுதி’ என்கிறார் ஒரு உறவினர். மதுரையில் இருக்கும் மாமியாரோ, ‘தையலும் டைப்பிங்கும் சொல்லித் தர்ற இடத்துக்கா பேரனை அனுப்பப் போறீங்க?’ என்று கேட்டுவிட்டாராம். எது சரி, மே 1க்குள் முடிவெடுக்க வேண்டுமே என்பது இந்தத் தாயின் தவிப்பு.

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியாரின் கேள்வியில் தப்பில்லை. தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் தொழில் திறன் கற்றுத்தரும் சிறு நிலையங்கள்தான். கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் அந்த வகை அல்ல. அங்கேயும் தொழிற்பயிற்சி உண்டு. ஆனால் இளநிலைப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தி, மூன்றாம் ஆண்டுக்கு மாணவர்களை யூசி வளாகங்களுக்கும், கால் ஸ்டேட் என்ற இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத் தொகுப்புக்கும் அனுப்புவதும் அவற்றின் முக்கிய வேலை. அப்படிப் போய் வாங்கும் பெர்க்லி பட்டத்தில் ‘இடையில் வந்தவர்’ என்று எங்கும் எழுதியிருக்காது. யூசியின் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கூட அங்கே படித்த பாடங்களை மட்டும் வைத்துப் புதிதாகத் தொடங்கும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு கல்லூரிகளின் மதிப்பெண் பட்டியலையும் கேட்பார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் ஓடும் மற்ற இரண்டு கணக்குகளைத் திருத்த வேண்டியிருக்கிறது.

உறவினர் சொல்லும் டேக் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. குறிப்பிட்ட பாடங்களையும் ஜிபிஏவையும் எட்டினால் இடம் உறுதி என்று யூசி முன்கூட்டியே ஒப்புக்கொள்வது அது. ஆனால் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள்தான் டேக் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ தருவதில்லை. அந்த மூன்றுக்கும் போட்டியில் வென்றுதான் போக வேண்டும். டேக்கும் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும். ஒன்றுக்கு டேக் போட்டுவிட்டு மற்ற வளாகங்களுக்குச் சாதாரணமாக விண்ணப்பிக்கத் தடையில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும்.

கணவரின் யோசனை இதைவிட ஆபத்தானது. மாறுதல் இடங்களுக்கு யூசி முதலுரிமை தருவது கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு. ஒரு யூசியிலிருந்து இன்னொரு யூசிக்குப் போக நினைப்பவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் சேரும் அளவுக்கு யூனிட்டுகளையும் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் புள்ளிகள்) முடித்திருக்க வேண்டும், ஒரு வருடத்தில் அது ஆகாது. ரிவர்சைடில் சேர்ந்தால் ரிவர்சைடிலேயே பட்டம் வாங்கும் மனத்தோடு சேருங்கள். அது நல்ல பல்கலைக்கழகம். பெர்க்லிக்கு ஏறும் படிக்கட்டாக மட்டும் நினைத்துப் போகிறவனுக்கு அங்கே மனம் ஒட்டாது.

பணத்தை எந்த ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும்?

கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் கலிஃபோர்னியா வாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். வருடத்துக்கு 30 யூனிட் என்றால் 1,380. புத்தகம், பார்க்கிங், சில்லறைக் கட்டணங்கள் சேர்த்தாலும் வீட்டிலிருந்து போகிற பையனுக்கு இரண்டு வருடத்துக்கு 5,000 டாலரைத் தாண்டாது. ரிவர்சைடில் விடுதி, சாப்பாட்டோடு வருடத்துக்குச் சுமார் 40,000 ஆகும். முதல் இரண்டு வருடத்தில் மட்டும் வித்தியாசம் ஏறக்குறைய 75,000 டாலர்.

இதைச் சேமிப்பு என்று நினைத்துக் கார் மாற்றிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன அந்த ஜனவரிப் பிறந்தநாள்தான் இந்தக் கேள்வியின் மையம். மகனுக்கு 21 வயதாகும்போது எச்-4 முடிந்துவிடும். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அது மூன்றாம் ஆண்டின் நடுவில் வரும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் அவன் பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். எச்-4 விசாவில் இருப்பவர் கலிஃபோர்னியா வாசி என்று தகுதி பெற முடியும். எஃப்-1 விசாவில் இருப்பவரால் அது முடியாது. விசா மாறினால் கட்டண வகையும் மாறக்கூடும். வெளிமாநிலத்தவரிடமும் வெளிநாட்டவரிடமும் யூசி வாங்கும் கூடுதல் கட்டணம் 2025-26ல் வருடத்துக்கு 37,602 டாலர். கல்வியாண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை வளாகத்தில் ஒரு குவார்ட்டருக்கு 12,500க்கு மேல். மூன்றாம் ஆண்டின் ஜனவரியிலிருந்து எண்ணினால் மீதி ஐந்து குவார்ட்டர், அதாவது 62,000 டாலருக்கு மேல்.

இதை வைத்து மூன்று வழிகளையும் எடை போட்டுப் பாருங்கள். ரிவர்சைட் நான்கு வருடம் 1,60,000, மோசமான நிலையில் 2,20,000க்கு மேல். கம்யூனிட்டி காலேஜும் அதன்பின் யூசியும் என்றால் 85,000, மோசமான நிலையில் 1,50,000ஐ ஒட்டி. தனியார் பல்கலைக்கழகம் 2,32,000. கடைசி வழிக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: தனியாரில் வாசி, வெளியார் என்ற கட்டண வேறுபாடு இல்லை, விசா மாறினாலும் தொகை அதேதான். ஆனால் அந்த நிம்மதியின் விலை மற்ற இரண்டின் மோசமான நிலையையும்விட அதிகமாக இருக்கிறது.

ஃபாஃப்சா படிவம் போட்டுப் பெறும் கூட்டாட்சிக் கல்வி உதவி எச்-4 மாணவர்களுக்குக் கிடையாது. சம்பள வேலையும் செய்ய முடியாது, வளாகத்துக்குள் நூலக வேலை கூட. ஆகவே இந்தத் தொகை முழுக்க உங்கள் வீட்டுப் பணம். கம்யூனிட்டி காலேஜ் மிச்சம் பிடிக்கும் 75,000ஐ மூன்றாம், நான்காம் ஆண்டுக்கான காப்புப் பணமாக ஒதுக்கி வைப்பது என்றால், என் பார்வையில் உங்கள் குடும்பத்துக்கு இதுதான் பொருத்தமான வழி. மகன் ஒத்துக்கொள்ள வேண்டும். அது தனிக் கேள்வி, பின்னால் வருகிறேன்.

எகனாமிக்ஸ் என்றால் கால்குலஸ்

எகனாமிக்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு வரைபடமும் கட்டுரையுமாக எழுதும் பி.ஏ. நினைவுக்கு வரும். யூசியின் எகனாமிக்ஸ் பாதி கணிதம். கம்யூனிட்டி காலேஜில் அவன் படிக்கப்போகும் எகனாமிக்ஸ் பாடங்கள் இரண்டுதான்: மைக்ரோவின் (தனிநபர், நிறுவன அளவிலான பொருளாதாரம்) அடிப்படைகள், மேக்ரோவின் (நாடு தழுவிய பொருளாதாரம்) அடிப்படைகள். எதை முதலில் எடுத்தாலும் சரி, இரண்டையும் ஒரே செமஸ்டரில் எடுக்காமல் இருப்பது நல்லது. மைக்ரோ முன்னால் வந்தால் தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி எல்லாம் கைக்குள் வந்துவிடும், மேக்ரோ சுலபமாகப் போகும். இரண்டையும் ‘ஏ’ வாங்கி முடித்த பல மாணவர்கள் யூசியின் மூன்றாம் ஆண்டில் தடுமாறுவதற்குக் காரணம் எகனாமிக்ஸ் அல்ல, கணிதம்.

அங்கே போனதும் எடுக்கும் இடைநிலை மைக்ரோவில், கையிலுள்ள வருமானத்துக்குள் நுகர்வோர் எதை எவ்வளவு வாங்குவார் என்பதை லக்ராஞ்ச் முறை என்ற கால்குலஸ் உத்தியில் போடுவார்கள். அதற்குப் பகுதி வகையீடு தெரிந்திருக்க வேண்டும். சேர்க்கைக்குக் கேட்பது இரண்டு கால்குலஸ் பாடங்கள் மட்டுமே, பகுதி வகையீடு பெரும்பாலும் மூன்றாவதில்தான் வரும். கேட்காவிட்டாலும் மூன்றாம் கால்குலஸை எடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். முடிந்தால் லீனியர் அல்ஜீப்ராவும். பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் எகனோமெட்ரிக்ஸுக்கு அது உதவும். பின்னாளில் பி.எச்.டி. ஆசை வந்தால் கணிதம் போதவில்லையே என்று வருந்த வேண்டியிருக்காது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கல்லூரிகளில் ‘பிசினஸ் கால்குலஸ்’ என்று ஒரே செமஸ்டரில் முடியும் பாடம் உண்டு. சுலபம், கால் ஸ்டேட்டுக்குப் போக நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் யூசிஎல்ஏ எகனாமிக்ஸ் முழு ஆண்டுக் கால்குலஸ் கேட்கிறது. பிசினஸ் கால்குலஸை மட்டும் எடுத்தவனுக்கு அந்தக் கதவு மூடிவிடும், இரண்டாம் ஆண்டு நவம்பரில் விண்ணப்பம் போட உட்காரும்போதுதான் தெரியவரும். உங்கள் மகன் பதினோராம் வகுப்பில் ஏ.பி. (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) கால்குலஸில் 4 வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பல இடங்களில் அது முதல் கால்குலஸுக்கு ஈடாகும், நேராக இரண்டாவதில் சேரலாம். அடித்தளம் ஆட்டமாக இருக்கிறது என்று அவனுக்கே தோன்றினால் முதலாவதையே மறுபடி படிக்கலாம், ஆனால் ஒரே பாடத்துக்கு யூசி இரண்டு முறை யூனிட் தராது. மேக்ரோ ஏ.பி. தேர்வு எழுதுவதாகச் சொல்கிறீர்கள். அதன் மதிப்பெண் எந்த வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்பது வேறுபடும், முடிவு வந்தபின் கவுன்சிலரிடம் உட்கார்ந்து பாருங்கள்.

கல்லூரிக்குக் கல்லூரி பாட எண்கள் வேறு. எந்தப் பாடம் எந்த யூசியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை ‘அசிஸ்ட்’ என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம், இலவசம். கல்லூரியையும் வளாகத்தையும் மேஜரையும் (பட்டத்தின் முதன்மைப் பாடம்) தேர்ந்தெடுத்தால் ஒப்பந்தப் பட்டியல் விரியும். அவன் சேரும் ஆண்டின் பட்டியலை, விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொரு வளாகத்துக்கும் இறக்கி வைத்துக்கொள்ளட்டும். கம்யூனிட்டி காலேஜ்களில் பொதுவான பாட எண் முறை படிப்படியாக வருவதால் பெயர்களும் எண்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. பழைய மாணவர் கொடுத்த பட்டியலை நம்பிப் பாடம் எடுக்க வேண்டாம். கால்குலஸ் வரிசையை ஒரே கல்லூரியில் முடிப்பதும் முக்கியம். ஒன்றை செமஸ்டர் கல்லூரியிலும் அடுத்ததைக் குவார்ட்டர் கல்லூரியிலும் எடுத்தால் நடுவில் சில அத்தியாயங்கள் விழுந்துவிடும், சில வளாகங்கள் ஏற்காமலும் போகலாம்.

எந்தக் கல்லூரி என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் இருக்கும் பகுதிக்கு டயாப்லோ வேலி கல்லூரி பொருத்தம். பெர்க்லிக்கு நிறைய மாணவர்களை அனுப்பும் கல்லூரி அது, சான் ரமோனிலும் ஒரு வளாகம் வைத்திருக்கிறது. லிவர்மோரில் லாஸ் பொசிடாஸ், ஃப்ரீமான்டில் ஓலோனி உண்டு. குபர்டினோவின் டி ஆன்சா குவார்ட்டர் முறை, கட்டணம் குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர். பெயர் பெற்றதுதான், ஆனால் தினமும் 680 நெடுஞ்சாலையில் அந்தப் பயணம் வேண்டுமா என்று யோசியுங்கள். மாவட்ட எல்லை தடையில்லை, எங்கும் சேரலாம். ஹானர்ஸ் என்ற உயர்நிலைப் பாடத் திட்டம் இருக்கிறதா, அது யூசிஎல்ஏவின் ‘டேப்’ உடன்பாட்டில் (டேக் வேறு, இது வேறு) உள்ளதா என்று மட்டும் கேளுங்கள். அதில் சான்றிதழ் பெற்றவர்களின் விண்ணப்பத்தை யூசிஎல்ஏ முன்னுரிமையோடு பார்க்கிறது.

முதல் வருடத்திலேயே பாதி முடிவாகிவிடும்

இரண்டு வருட அவகாசம் இருக்கிறது என்ற எண்ணம் பையன்களைக் கெடுக்கிறது. யூசி விண்ணப்பம் இரண்டாம் ஆண்டின் அக்டோபர், நவம்பரில் போக வேண்டும், டேக் அதற்கும் முன்னால் செப்டம்பரிலேயே. அப்போது கையில் இருப்பது முதல் வருடத்தின் இரண்டு செமஸ்டரும் ஒரு கோடையும் மட்டும். இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டர் மதிப்பெண்களை ஜனவரியில் ‘அப்டேட்’ படிவத்தில் சேர்க்கலாம். கடைசி செமஸ்டர் முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

யூசி கேட்கும் குறைந்தபட்சம் இது: 60 செமஸ்டர் யூனிட், 2.4 ஜிபிஏ, ஏழு பாட வரிசை. ஏழில் இரண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம், ஒன்று கணிதம், மீதி நான்கு இரண்டு துறைகளிலிருந்தாவது வர வேண்டும், எல்லாவற்றிலும் ‘சி’க்குக் குறையக் கூடாது. இது வாசல்படிதான். டேக்குக்கே வளாகத்தையும் மேஜரையும் பொறுத்துப் பெரும்பாலும் 3.0 முதல் 3.5 வரை கேட்கிறார்கள். யூசிஎல்ஏவில் பள்ளியிலிருந்து விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவருக்குக் கூடக் கிடைப்பதில்லை, மாறுதலில் சுமார் நாலில் ஒருவருக்குக் கிடைக்கிறது. ஆனால் அது எல்லா மேஜர்களும் சேர்ந்த கணக்கு. எகனாமிக்ஸும் பிசினஸ் எகனாமிக்ஸும் கூட்டம் மொய்க்கும் இடங்கள், 3.8க்குக் கீழே போனால் கடினம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செமஸ்டர் கல்லூரியில் ஓட்டம் ஏறத்தாழ இப்படி அமையும். முதல் செமஸ்டரில் ஆங்கிலம், கால்குலஸ், மைக்ரோ, பேச்சுப் பாடம். இரண்டாவதில் விமர்சனச் சிந்தனைக்கான ஆங்கிலம், அடுத்த கால்குலஸ், மேக்ரோ, எத்னிக் ஸ்டடீஸ். கோடையில் ஒரே ஒரு இலகுவான பொதுப் பாடம். மூன்றாவதில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், லேப் உள்ள அறிவியல், ஒரு கலைப் பாடம். நான்காவதில் லீனியர் அல்ஜீப்ரா, அரசியல் அறிவியல், மீதிப் பொதுப் பாடங்கள். பொதுப் பாடங்களுக்கு 2025 இலையுதிர் காலத்திலிருந்து ‘கால்-கெட்சி’ என்ற புதிய தொகுப்பு வந்திருக்கிறது, 11 பாடம், 34 யூனிட். யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் அது பொது. பெர்க்லி, யூசிஎல்ஏ போன்ற இடங்களுக்கு மேஜர் முன்பாடங்கள்தான் முக்கியம். கணிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஓவிய ரசனையில் ‘ஏ’ சேர்ப்பது உதவாது. அந்த முன்பாடங்கள் நான்காம் செமஸ்டருக்குள் முடிந்திருக்க வேண்டும், சேரும் முன் வரும் கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கதை முடிந்தது.

மதிப்பெண் விஷயத்தில் ஒன்றை அவன் முதல் வாரமே தெரிந்துகொள்ள வேண்டும். ‘டி’ அல்லது ‘எஃப்’ வந்த பாடத்தைத் திரும்ப எடுக்கலாம். ‘சி’ வந்துவிட்டால் உயர்த்துவதற்காகத் திரும்ப எடுக்க முடியாது, அது நிலைத்துவிடும். கால்குலஸில் ‘சி’ வாங்கியவனைவிட, ஒரு முறை ‘டபிள்யூ’ போட்டு விலகி அடுத்த செமஸ்டரில் ‘ஏ’ வாங்கியவனின் விண்ணப்பம் வலுவானது. விலகும் கடைசித் தேதியை ஒவ்வொரு பாடத்துக்கும் போர்ட்டலில் பார்த்துக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். தடயமே இல்லாமல் விலகும் தேதி வேறு, அது செமஸ்டர் தொடங்கிய சில வாரங்களிலேயே வந்துவிடும். ‘டபிள்யூ’ ஒன்று பாதகமில்லை, மூன்று நான்கு ஆனால் கேள்வி வரும்.

விண்ணப்பத்தில் நான்கு சிறு கட்டுரைகள் உண்டு. அதில் கட்டாயமானது, தேர்ந்தெடுத்த மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்பது. சம்பள இன்டர்ன்ஷிப் அவனுக்கு முடியாது என்பதால் எழுத ஒன்றுமில்லை என்று பயப்பட வேண்டாம். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ‘ஃப்ரெட்’ என்ற பெயரில் லட்சக்கணக்கான பொருளாதாரத் தரவு வரிசைகளை இலவசமாக வைத்திருக்கிறது. பே ஏரியா வாடகைக்கும் வேலைவாய்ப்புக்கும் உள்ள தொடர்பை எக்செலிலோ ஆர் மொழியிலோ போட்டுப் பார்த்து ஒரு சிறு அறிக்கை எழுதட்டும். வரிக் காலத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பித் தரும் ‘வீட்டா’ தன்னார்வத் திட்டமும் இருக்கிறது. பணம் வாங்காத உண்மையான தன்னார்வம் என்பதால் எச்-4க்கு இடைஞ்சல் வருவதில்லை, இருந்தாலும் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

21 வயதுக்கு முன் செய்ய வேண்டியவை

மூன்று வருடத்துக்குள் கிரீன் கார்டு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் படிப்பைத் திட்டமிடாதீர்கள். பிள்ளையின் வயதிலிருந்து ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழிக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் விரைவுப் பரிசீலனைக்கான பிரீமியம் கட்டணத்தில் சில வாரங்களில் ஒப்புதல் வாங்கிய குடும்பங்களுக்கு அதில் கழிப்பதற்கு அதிகம் இருக்காது.

எஃப்-1க்கு மாற இரண்டு தருணங்கள் உண்டு. மூன்றாம் ஆண்டுக்கு யூசியில் இடம் கிடைத்ததும் அங்கேயே மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்கி, அந்தக் கோடையிலேயே முடித்துவிடுவது ஒன்று. பிறந்தநாளை ஒட்டிச் செய்வது இன்னொன்று. முதலாவதில் வேலை ஒழுங்காக நடக்கும், ஆனால் வெளியார் கட்டணம் ஒரு டெர்ம் முன்னதாகவே தொடங்கிவிடலாம். இரண்டாவதில் அந்தத் தொகை மிஞ்சலாம், ஆனால் படிவம் நிலுவையில் இருக்கும்போதே 21 வந்துவிட்டால் தூக்கம் போகும். நிலைமாற்றப் படிவத்துக்குப் பல மாதம் ஆவது சாதாரணம். பெற்றோரின் கிரீன் கார்டு மனு இருக்கும்போது எஃப்-1 கேட்பதில் தனிச் சிக்கலும் இருக்கிறது, அந்த விசாவுக்குத் திரும்பிப் போகும் எண்ணத்தைக் காட்ட வேண்டும். இதைக் கல்லூரி கவுன்சிலரிடம் கேட்காதீர்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே உட்காருங்கள். விசா மாறினால் எங்கள் கட்டண வகை என்ன ஆகும் என்பதை அந்தந்த வளாகத்தின் ரெசிடென்சி அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கால் ஸ்டேட்டை உங்கள் கடிதம் கண்டுகொள்ளவே இல்லை. வெளியார் கட்டணம் கட்ட நேர்ந்தாலும் அங்கே வருடக் கல்விக் கட்டணம் சுமார் 20,000 டாலர் சுற்றில் முடியும், யூசியில் அது 52,000ஐத் தாண்டும். சான் ஹோசே ஸ்டேட்டில் எகனாமிக்ஸ் இருக்கிறது, வீட்டிலிருந்தே போகலாம். பெயருக்காக அல்ல, அடிமடிக் காப்பாக அதற்கும் விண்ணப்பம் போட வேண்டும்.

மேஜரின் பெயரிலும் ஒரு சூட்சுமம். எஃப்-1 மாணவர்கள் பட்டம் முடித்ததும் ஓபிடி என்ற வேலை அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம். பொது எகனாமிக்ஸுக்கான 45.0601 என்ற குறியீடு அந்தப் பட்டியலில் இல்லை, எகனோமெட்ரிக்ஸ் மற்றும் குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸுக்கான 45.0603 இருக்கிறது. பட்டத்தின் பெயர் வெறும் எகனாமிக்ஸ் என்றிருந்தும் 45.0603 குறியீட்டில் நடத்தும் பல்கலைக்கழகங்கள் உண்டு, ஆகவே பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் துறையிடம் குறியீட்டையே கேளுங்கள். அர்வைனில் குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ், யூசிஎல்ஏவில் மேத்தமேடிக்ஸ்-எகனாமிக்ஸ் என்று தனி மேஜர்களே இருக்கின்றன. அவற்றுக்கு முன்பாடக் கணிதம் கூடுதல். மூன்றாம் கால்குலஸும் லீனியர் அல்ஜீப்ராவும் எடுக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

மே 1க்குள்

மகனிடம் தனியாகப் பேசுங்கள். நண்பர்கள் விடுதிப் படங்களை அனுப்பிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து வகுப்புக்குப் போவது 18 வயதுப் பையனுக்குச் சின்ன விஷயமல்ல. பள்ளியில் தள்ளிப்போடும் பழக்கம் இருந்தவனா, தானாக உட்கார்ந்து படிப்பவனா என்பது உங்களுக்குத் தெரியும். கம்யூனிட்டி காலேஜில் யாரும் துரத்திப் பிடித்துப் படிக்க வைப்பதில்லை. விலகிப் போகிறவர்களும் அங்கே ஏராளம். அவன் தள்ளிப்போடுகிறவன் என்றால் ரிவர்சைடே மேல். அந்தச் சூழல் அவனை இழுத்துப் பிடிக்கும், வித்தியாசமாகும் பணம் வீணல்ல.

அவன் தயங்கினால் அவகாசம் வாங்க ஒரு வழி இருக்கிறது. மே 1க்குள் ரிவர்சைடில் சேரும் சம்மதத்தைத் தெரிவித்து முன்பணத்தைக் கட்டிவிடுங்கள். சில நூறு டாலர், திரும்பி வராது. கம்யூனிட்டி காலேஜுக்கு விண்ணப்பக் கட்டணமே இல்லை, சேர்க்கை மறுப்பும் இல்லை, ஆகவே அதையும் இப்போதே போட்டுவிடலாம். கவுன்சிலரைப் பார்த்துக் கல்வித் திட்டம் போட்டு, வகுப்பு எண்களைப் பார்த்து, ஜூலைக்குள் முடிவெடுங்கள். தாமதித்தால் கால்குலஸ் வகுப்புகளில் நல்ல நேரங்கள் நிறைந்துவிடும்.

அந்த விண்ணப்பத்தில் விசா வகையைக் கேட்கும் இடத்தில் எச்-4 என்று போட்டதும் கணினி அவனை வெளியார் பட்டியலில் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிறகு ஆகஸ்டில் ஒரு செமஸ்டருக்கே ஆயிரக்கணக்கான டாலருக்குப் பில் வரும், பார்த்துப் பதறுவார்கள். அவனுடைய ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு), எச்-4 ஒப்புதல் தாள், பள்ளி மதிப்பெண் பட்டியல், உங்கள் கணவரின் கடந்த இரண்டு வருடக் கலிஃபோர்னியா வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரம் ஆகியவற்றை வகுப்பு தொடங்கும் முன் சேர்க்கை அலுவலகத்தில் கொடுத்து, ‘வாசி’ என்று மாறியதைப் போர்ட்டலில் பார்த்த பிறகு கட்டணம் கட்டுங்கள்.